நாற்பது விநாடி

கடலூர் முதுநகருக்குக் கிழக்கே ஐந்து மைலில்
ஒரு மிதவை. அதன் தலையில்
பால்கேன் அளவுக்கு வெள்ளை டப்பா: ரேகான்.
ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் இறங்கி
ஒன்பது நாளாக ஊமை.

அட்டையை மாற்றினேன். ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவினேன்.
பச்சை விளக்கு எரிந்தது. அதை நம்பிக்
கையெழுத்துப் போட முடியாது.
தானாக வாய் திறக்கும் ரகமில்லை இது.
எங்கிருந்தோ ஒரு கப்பலின் ரேடார்
இருட்டில் துழாவித் தொட்டால்தான்
இங்கே இருக்கிறேன் என்னும்.
தொட்டவன் திரையில் மட்டும் விழும்
கோடு, புள்ளி, கோடு.

ஆகவே கப்பலுக்குக் காத்திருந்தோம்,
நானும் படகுக்காரர் தேசப்பனும்.
டீ தீர்ந்தது. சிங்காரத்தோப்பு விளக்குகள்
ஒவ்வொன்றாய் அணைந்தன.
வாடைக்காற்று எங்களைத் தெற்கே தள்ளிக்கொண்டே போனது.

"எங்க போட்ல ரேடாரு கெடையாதும்மா.
கரையில லைட்டு எல்லாருக்கும் சுத்துது.
இது, கேக்க வசதி உள்ளவனுக்குத்தான பதில் சொல்லும்?"

ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல?
பைபர் படகு, ரேடாருக்கு ஏறக்குறைய தண்ணீர்.
மூங்கில் நுனியில் ஓர் அலுமினியக் குண்டானைக்
கவிழ்த்துக் கட்டியிருக்கிறார், யாராவது பார்க்கட்டுமென்று.
சோறு வடிக்க அது வேண்டும் என்று வீட்டில் தினம் சண்டையாம்.

பன்னிரண்டு பத்துக்கு வாக்கிடாக்கி கரகரத்தது.
காரைக்கால் போகும் கப்பல். தூக்கம் கலையாத குரல்:
"தெரிகிறது. கோடு, புள்ளி, கோடு.
மிதவையிலிருந்து தெற்கே நீளமாக...
இப்போது இல்லை. நின்றுவிட்டதா?"

நிற்கவில்லை.
இருபது விநாடி பேசும், நாற்பது விநாடி சும்மா இருக்கும்.
பேசும்போது அந்தக் கோடு
தனக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் மூடிவிடும்.
அதனால்தான்
வாயடைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
பிறகு,
"மிதவைக்குப் பின்னால் அரை மைலில்
மங்கலாக ஒரு புள்ளி. அது என்ன?"

தேசப்பன் அண்ணாந்து குண்டானைப் பார்த்தார்.
"நம்மளா?"

நாம்தான்.
க-வின் தலையில் புள்ளி வைத்தால்
உள்ளிருக்கும் அகரம் வாய் மூடிக்கொள்ளும்,
க் மட்டும் நிற்கும்.
அப்படி நின்றோம், அந்த ஆளின் திரையில்.

கப்பல் இரண்டு பாகை இடப்புறம் திருப்புவதாகச் சொன்னது.
"இப்ப மறுபடி பேசுதா?"
பேசுகிறது.
"அப்ப நாம இல்ல."
இல்லை.

குண்டான் காற்றில் மூங்கிலைத் தட்டியது.
தேசப்பன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்,
ஒண்ணு, ரெண்டு, மூணு...