டியூப்

இங்கே இரவு இரண்டரை.
பெலீஸில் இன்னும் நேற்று, பகல் மூன்று.
பெருங்குடியில் ஏழாவது மாடி, ஏசி பதினெட்டு.
துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு
ஊளைக் குரங்குகள் எத்தனை மணிக்குக் கத்தும் என்று
ஒருவருக்குச் சொல்லி முடித்தேன்.

கரீஃபூனா மேள வகுப்பு, இருவருக்கு.
மாயர் கோபுரம், காலை எட்டு, தொப்பி அவசியம்.
ஆற்றில் படகைக் கையால் சுழற்றித்தான் இழுப்பார்கள்,
பயம் வேண்டாம்.

அடுத்து டாரன் என்றொருவர்:
குகைக்குள் டியூபில் மிதப்பது எப்படி இருக்கும்?
நீங்கள் போயிருக்கிறீர்களா?

ஒட்டுவதற்குப் பதில் தயாராக இருக்கிறது.
நெற்றியில் விளக்கு, சுண்ணாம்புக் கூரை,
மறக்க முடியாத அனுபவம்.

வேளச்சேரி, அந்த டிசம்பர்.
லாரி டியூபில் நான்,
பல்லிடுக்கில் செல்போன் டார்ச்,
மடியில் பால் கவருக்குள் ரேஷன் கார்டு.
கழுத்தளவு நீரில் தள்ளிக்கொண்டு வந்த
பஞ்சர் கடை சுல்தான் பாய்
ஒயரைத் தொடாதே ஒயரைத் தொடாதே என்றபடி.
கைக்கெட்டும் உயரத்தில் தெருப்பெயர்ப் பலகை.

தட்டினேன்:
முதலில் முதுகு சில்லிடும். அப்புறம்
தள்ளுகிறவரைப் பொறுத்தது.

அழித்தேன். தயார் பதிலை ஒட்டினேன்.

நான்கு டிக்கெட். பிள்ளைகளுக்குத் தனி டியூப் உண்டா?

உண்டு.
ஆனால் நான்கையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.