இறங்கும்போது யார் ஓட்டுவது

மொட்டை மாடிக் கொடிக்குப் பின்னால்
மலை இருக்கிறது.
பதினோரு வருடமாக இருக்கிறது.
போர்வை காய்கிற நாளில் மட்டும் இருக்காது.

அஸ்தம்பட்டியிலிருந்து முப்பது கிலோமீட்டர் வந்தால் அதிகம்.
திருப்பதிக்கு இரண்டு முறை,
யாருடைய நிச்சயத்துக்கோ விஜயவாடா வரைக்கும்
போய்விட்டு வந்திருக்கிறோம்.
பக்கத்தில் இருப்பதற்குத்தான்
நாள் கிடைப்பதில்லை.

வியாழன் இரவு, சாப்பாடு ஆனதும்,
கைக்கு அகப்பட்ட கல்யாணப் பத்திரிகையின் முதுகில்
வழி வரைகிறேன்.
கோரிமேடு. அடிவாரம். செக்போஸ்ட்.
அப்புறம் கொண்டை ஊசிகள்,
ஒன்றின் கீழ் ஒன்றாய்
பதினாறு வரைந்ததும் தாள் தீர்ந்தது.
மீதி நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு
உச்சியில் ஒரு வட்டம் போட்டேன்.
வட்டத்துக்குள் 'செ'.

செசிலியா அக்கா.
எஸ்டேட்டில் காபிப் பழம் எடை போடுகிறவள்.
ஒண்டிக்கடை தாண்டி, தகரக் கூரை வீடு.
அடுப்படி மூலையில் இரண்டு ஊறுகாய் ஜாடி,
வாயில் வெள்ளைத் துணி கட்டியது.
உள்ளே பாதி, தோட்டத்து ஆரஞ்சு.
பாதி, நம் மார்க்கெட்டிலிருந்து
பஸ் ஏறிப் போன பன்னீர் திராட்சை.
நாலு கிராம்பு, ஒரு கை கோதுமை.
கோதுமை எதற்கு என்றால்
"அது இல்லாட்டி அதுக்குக் கோவம் வராது" என்பாள்.

போன் செய்தேன்.
கிறிஸ்துமஸ் ஜாடி தீர்ந்துவிட்டதாம்,
இது பொங்கலுக்கு மறுநாள் போட்டதாம்.
"இன்னும் முனகிட்டுக் கெடக்கு, காத வச்சாக் கேக்குது.
சனிக்கெழம வேண்டாம்.
ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாங்க,
அதுக்குள்ள அடங்கிரும்."

ஜோசியர் இல்லை, காலண்டர் இல்லை,
ஒரு ஜாடி எங்களுக்கு நாள் குறித்தது.

மாதேசன் டயர் பார்த்துவிட்டு வந்தான்.
ஊர் டயருக்கெல்லாம் ரப்பர் ஒட்டிப் பிழைக்கிறவன்,
எங்கள் ஸ்டெப்னியில் காற்றில்லை.
தட்டுவடையைத் தனியாக, பீட்ரூட் துருவலைத் தனியாக,
சட்னி இரண்டையும் இரண்டு டப்பாவில்
எடுத்துக்கொள்ள வேண்டும்; இங்கேயே செட்டு போட்டால்
அடிவாரத்துக்குள் நமுத்துவிடும்.
அத்தையிடம் சேர்வராயன் குகைக் கோயில் என்று சொல்லியாயிற்று.
பொய்யில்லை. அங்கேயும் நிறுத்துவோம்,
பத்து நிமிஷம்.

"ஏத்துறது நான்" என்றான்.
"நீதான் குடிக்க மாட்டியே,
இறக்குறப்ப நீ ஓட்டிக்க."

என்னைக் கேட்டானா என்று
நானும் யோசித்துப் பார்த்தேன்.
போன வருடம் அவள் ஊற்றிக் கொடுத்தபோது
வேண்டாம் என்றது நானில்லை, அவன்.
"அவ குடிக்க மாட்டாக்கா."
அப்போது மூக்குக்கு வந்த அந்த வாசனை,
மழை நனைத்த பழத்தோலும் பழைய மரப்பெட்டியும் கலந்தது,
பதினோரு மாதமாக இறங்காமல் நிற்கிறது.

"ஏத்துறது நான்" என்றேன்.
"ஏறுற வண்டிக்குத்தான் எல்லாரும் வழி விடணும்.
எட்டு போட்டு வாங்குன லைசென்ஸ்
எதுக்கு இருக்கு? இறக்குறது நீ."

மின்விசிறி மட்டும் சுற்றியது.
கீழே சந்தில் யாரோ ஷட்டர் இழுத்தார்கள்.

"ஒரு டம்ளரா?"
"ரெண்டு."

பத்திரிகையைத் திருப்பினான்.
தாமரை, குத்துவிளக்கு,
அவனுடைய சித்தப்பா மகளின் பெயர்.
ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்,
அம்மாப்பேட்டை மண்டபம்.

கொஞ்ச நேரம் படித்ததையே படித்தான்.
பிறகு மெதுவாகத் திருப்பி வைத்து,
பேனாவை என் விரலிலிருந்து உருவி,
ஓரத்தில் நெருக்கியடித்து
விட்டுப்போன நான்கு வளைவுகளையும் போட்டான்,
மேலிருந்து கீழாக.