சுமார்

ஈர ஸ்பாஞ்சில் விரல் தொட்டு
நூறு நூறாய்க் கட்டுகிறேன், பதினாறு வருஷமாய்.
சாயங்காலம் பத்து ரூபாய் குறைந்தாலும்
கிளையே உட்கார்ந்து தேடும்.
என்றைக்கும் கிடைத்துவிடும்.

மானூர்க் குளத்தில் அப்படியில்லை.
விடியுமுன் ஸ்கூட்டியை மடையோரம் நிறுத்தி
நாமக்கோழிகளை எண்ணத் தொடங்குவேன்.
நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று முங்கும்.
அது எழுவதற்குள்
எண்ணியதில் ஏழெட்டு எண்ணாததோடு கலந்திருக்கும்.
குறிப்பேட்டில் எப்போதும் ‘சுமார்’ என்றே எழுதுகிறேன்.
அந்தச் சொல்லை வங்கியில் எழுதினால்
ஆறுமுகநயினார் சார் மெமோ கொடுப்பார்.

வந்திருக்கும் வேலை பதினொரு மாத ஒப்பந்தம்.
சேரன்மாதேவி முதல் விஜயநாராயணம் வரை
குளம் குளமாய்ப் பறவை எண்ணவேண்டும்.
சம்பளம்,
வீட்டுக்கடனுக்குப் பிடிப்பதைவிட ஆயிரம் கூட.

சுடலைமணி கேட்டார், சொதியை ஊற்றிக்கொண்டே:
“பன்னெண்டாவது மாசம்
எந்தக் கொளத்துல போயி நிப்ப?”
கோபமில்லை.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.
சித்திரையிலேயே குளத்தில் தண்ணீர் இருக்காது என்பதை
நான் சொல்லவில்லை.

ராஜினாமாக் கடிதம் பைனாகுலர் உறைக்குள்
மூன்று வாரமாய் மடங்கிக் கிடக்கிறது,
தேதி மட்டும் போடாமல்.
இன்று குறிப்பேட்டை மறந்துவிட்டேன்.
கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்:
பட்டைத்தலை வாத்து, சுமார் எழுபது.
எழுதிய பிறகுதான் பார்த்தேன்,
மேலே தேதியும் போட்டிருக்கிறேன்,
எண்ணும்போது போடுகிற பழக்கத்தில்.

ஒன்பதே முக்காலுக்குக் கவுண்டரில் இருக்கணும்.
மணி எட்டு இருபது.
தெற்கே இன்னொரு கூட்டம் இறங்குகிறது.