ஒரு மணி நேரத்துக்கு ஒரு விரல்

இரண்டு டன் தூக்கும் என்று
சிவப்பு உடம்பில் வெள்ளையாய் எழுதியிருந்தது.
உப்புக்காற்று இரண்டைத் தின்றுவிட்டது,
டன் மட்டும் மிச்சம்.

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
நானும் வில்பிரடும் பாதிப் பாதி போட்டு
வாங்கின ஜாக்கி.
என் ஸ்கூல் ஆம்னிக்கு ஒரு வாரம்,
அவன் டாடா ஏஸுக்கு ஒரு வாரம்.
மழை நாளில் யாருக்கு முதல் பஞ்சரோ அவருக்கு.

சித்திரையில் இறங்க ஆரம்பித்தது.
தூக்கும். சரியாகத்தான் தூக்கும்.
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால்
வண்டி கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்,
ரேஷன் வரிசையில் கால் வலித்தவள் மாதிரி.
சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன்.
ஆறு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று.
நடுவில் என் ஆள்காட்டி விரல் சரியாகப் படுத்தது.

"தண்ணி கேன் அறுபதோட தூக்கினே இல்ல,
அதான்" என்றேன்.
அவன் இல்லையென்று சொல்லவில்லை.
"காயலாங்கடைல போடு,
கிலோக் கணக்குல பாதி எனக்குக் குடு"
என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.
அதோடு மூன்று மாதம்.
ஒரே ஷெட்டுக்கு இரண்டு பூட்டு.

ஒரு ஞாயிறு,
மணலிப் பக்கமிருந்து அந்த வாடை வராத காலை,
கோணியை விரித்து அதைச் சாய்த்தேன்.
ரப்பர் மூடியை நெம்பினதும்
மூக்குக்கு முதலில் தெரிந்துவிட்டது,
ஹைட்ராலிக் ஆயிலுக்கு இந்தத் தித்திப்பு கிடையாது.
பெரிய நட்டு அசையவில்லை.
பைப்பைச் செருகி, மிதித்து,
என் அறுபத்தெட்டு கிலோவும் ஏறி நின்ற பிறகு
முனகிக்கொண்டு ஒரு கால் சுற்று.

உள்ளே சீல்
சாம்பாரில் விடிய விடிய ஊறின வடை.
விரல் பட்டதும் கறுப்பாய்ப் பிசுபிசுத்தது.
பிரேக் ஆயில்.
யாரோ இதில் பிரேக் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன, யாரோ.
முட்டியளவு தண்ணீர் நின்ற அந்த டிசம்பர் ராத்திரி,
கரண்ட் இல்லை, கடை இல்லை,
சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும்,
ஜாக்கி பாதியில் நின்று இழுத்தது.
செல்போன் வெளிச்சத்தில்
ஷெல்ஃபில் கைக்கு எட்டின டப்பா.
ஆயில்னா ஆயில்தானே என்று
சொன்ன வாய் இதுதான்.
மஞ்சள் மூடி. கால் லிட்டர்.
ஊற்றின கைக்கு ஞாபகம் இருந்தது.

செம்புதாஸ் தெருவில் சீல் கடைக்காரர்
பழைய வளையத்தை வெர்னியரில் கவ்வி, உதறினார்.
"ஊதிப்போச்சும்மா, இத்த அளந்து பிரயோஜனமில்ல.
பிஸ்டன் கொண்டாந்தியா?"
கொண்டுபோயிருந்தேன், டிபன் டவலில் சுற்றி.
மூன்று வளையம், ஒரு வாஷர்,
நூற்றுப் பத்து ரூபாய்.
மூன்று மாதம் பேசாமல் இருந்ததுக்கு
அவ்வளவுதான் பில்.

சிலிண்டரை டீசலில் அலசினேன்.
ரிலீஸ் வால்வுக்குள்
மிளகளவு ஓர் இரும்புக் குண்டு.
இத்தனை எடையையும் கீழே விடாமல் நிறுத்துவது அதுதான்.
அது உட்காரும் குழியில் ஒரு துளி துரு.
துடைத்து, குண்டைத் திரும்ப வைத்து,
பித்தளைக் கம்பியால் ஒரே தட்டு.
கூடத் தட்டினால் குழி போச்சு.
புது ஆயில், இந்தத் தடவை டப்பாவைப் படித்துவிட்டு.
வால்வைத் திறந்துவிட்டுப் பதினைந்து அடி.
காற்று குமிழ் குமிழாய் வந்து வெடித்தது.

சாயங்காலம் ஆம்னியைத் தூக்கி,
நாலு நூல் இடைவெளி விட்டு
ஸ்டாண்டையும் நிறுத்தினேன்.
புது ஜாக்கியே ஆனாலும்
அதை மட்டும் நம்பி அடியில் படுக்க நான் பைத்தியமில்லை.
சுவரில் புதுக் கோடு.
வில்பிரடுக்கு அடித்தேன், எடுக்கவில்லை.
வாய்ஸ் மெசேஜில்
"ஊத்தினது நான்தான்" என்றேன்.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது,
அதுவும் பதிந்திருக்கும்.

காலையில் ஏஸ் வாசலில் குறுக்கே நின்றது,
பின் சக்கரம் சப்பையாக.
"இறங்குச்சா?"
"அரை நூல்."
"ராத்திரி பூராவா?"
"ராத்திரி பூரா."
குனிந்து கோட்டைத் தன் நகத்தால் அளந்தான்.
என்னை நம்பவில்லை என்பது
என்னவோ நல்லதாகத்தான் இருந்தது.
"கேனெல்லாம் இறக்கிட்டுத்தான் தூக்கணும்" என்றேன்.