ஒன்பது மணி ஊசி

ராத்திரி ஒன்பதுக்கு ஊசி.
நைட்டியை இடுப்புவரை சுருட்டிக்கொண்டு
சுவரைப் பார்த்து நிற்பேன்.
ஹார்பர் கேட்டிலிருந்து திரும்பிய கையைக்
கரி சோப்பில் ரெண்டு தரம் கழுவிவிட்டு
பிலவேந்திரன் மருந்தை உறிஞ்சுவான்.
எண்ணெய் மருந்து. மெல்லத்தான் இறங்கும்.
நேற்று வலது, இன்று இடது.
கட்டி நிற்கிற இடத்தில்
பக்கத்து வீட்டு நூர்ஜகான் சுடுதண்ணி பாட்டில் உருட்டுவாள்.
எதற்கென்று கேட்டதில்லை.

கையெழுத்துப் போட்ட காகிதத்தில்
குழந்தைக்கும் எனக்கும் என்ன உறவு என்ற இடத்தில்
ஒரு கோடு.
டைப் அடித்தே வந்திருந்தது.

பதினான்காம் நாள் போன்.
வாசவி அழுதார்.
சாப்பிட்டீங்களா என்றார்.
மறுபடி அழுதார்.
பதினோரு வருஷமாம்.

"சரக்கு யாருதோ, சீலு யாருதோ,
ஒடைக்காம கொண்டுபோய் வுடணும்.
நம்ம வேலை அவ்ளோதாம்மே" என்றான் இவன்.
சிரித்தேன்.
காசிமேட்டுக் காற்று திரும்பினால்
கன்டெய்னர் வாந்தியெடுக்காது என்று
சொல்லவில்லை.

வயிறு தெரிந்ததும்
ஏலக்கூடத்தில் இறால் உரிக்கிறவர்கள்
ரெண்டாவதா என்றார்கள்.
தலையாட்டினேன்.
தையில் என்ன சொல்வது என்று
இன்னும் யோசிக்கவில்லை.

ஆறாம் மாதம் வாசவி குரல் அனுப்பினார்,
தினமும் வயிற்றின்மேல் வைத்து ஓட விடச் சொல்லி.
விளக்கை அணைத்துவிட்டு
பாயில் ஒருக்களித்து
சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.
"கண்ணா... அம்மா பேசறேன்டா..."
உள்ளே ஒரு புரளல்.
காலடியில் தூங்கிய என் ஆரோன்
கண் திறக்காமல்
"இன்னாம்மா" என்றான்.

ஒண்ணுமில்ல, தூங்கு என்றேன்.
வாசவி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.