திருப்பி வைத்தல்

வந்த அன்று ஒரு கையெழுத்து,
போகும் அன்று ஒரு கையெழுத்து,
நடுவில் எட்டு மணி நேரமாவது பாடம்.
படிவம் அவ்வளவுதான் கேட்கிறது.
மார்புர்க் மழை பற்றி அதில் கட்டம் இல்லை.
ஆற்றோரத்திலிருந்து மேல்நகரத்துக்கு
லிஃப்டில் ஏறிப் போகிற ஊர்;
ஈரக் குடைகளோடு
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறுகிறோம்.

வீப்கே லோமானின் அறை எனக்கு,
பாளையங்கோட்டையில் என் அறை அவருக்கு.
நாங்கள் சந்தித்ததே இல்லை.
அவர் நாற்காலியில் என் கால் தரையைத் தொடவில்லை.
கீழே தடித்த தொகுதிகள் கிடந்தன,
புத்தகத்தில் கால் வைக்க மனசு வராமல்
மூன்று நாள் தொங்கவிட்டே உட்கார்ந்திருந்தேன்.
இறக்க ஒரு லீவர் இருந்திருக்கிறது.

இழுப்பறையில் துணிப்பை நிறைய மரக்குண்டுகள்,
கூடவே ஒரு சீட்டு:
"நாற்பது என்று சொல்லுங்கள்.
ஒன்று தொலைந்துவிட்டது."

முதல் வகுப்பு.
ஒன்றை எடு, நிறத்தைக் குறி,
திருப்பிப் போடு, மறுபடி எடு.
திருப்பிப் போடாவிட்டால்
கணக்கே வேறு என்றேன்.
முடிந்ததும் எல்லோரும்
விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள்.
என்ன தப்பாகச் சொன்னேன் என்று
பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.
சூத்திரம் சரியாகத்தான் இருந்தது.
அது இந்த ஊர்க் கைதட்டலாம்.
ஆர்னே என்ற பையன் லிஃப்டில் சொன்னான்.

இரவு வீப்கேயின் மின்னஞ்சல்.
"உங்கள் மின்விசிறியை மூன்றில் வைத்தால்
தாள் பறக்கிறது, இரண்டில் நான் உருகுகிறேன்.
சாக்பீஸ் துண்டுகளை வைத்து நடத்தினேன்.
கடைசி வரிசை இசக்கியம்மாள் கேட்டாள்:
பையில் எத்தனை என்று
யாருக்குமே தெரியாவிட்டால்?
அருமையான கேள்வி.
எப்போதும் இப்படித்தானா?"

இரண்டு வருஷமாக என் மாணவி.
வருகைப்பதிவில் சொல்லும் "உள்ளேன்" தவிர
அவள் குரலை நான் கேட்டதில்லை.
பதில் எழுத நாற்பது நிமிஷம் ஆனது.
எழுதியது:
"இரண்டில் வையுங்கள். ஜன்னலைத் திறங்கள்."

எட்டாவது மணியும் முடிந்தது.
அலுவலகத்தில் முத்திரை குத்தினார்கள்.
பயன் என்ற தலைப்பின் கீழ் மூன்று வரி இடம்,
"கற்பித்தல் முறைகள்" என்று ஏதோ நிரப்பினேன்.
நாற்காலியைப் பழைய உயரத்துக்கு ஏற்றினேன்,
முக்கால்வாசிதான் ஏறியது.
பையைக் கொட்டி எண்ணிப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று.

ரயிலில்தான் உறைத்தது,
அவர்களிடம் ஒன்றைச் சொல்லவே இல்லை:
திருப்பிப் போட்ட பிறகு
பையை நன்றாகக் குலுக்க வேண்டும்.