பதினாறாவது நிமிடம்

இரவு பத்தே முக்கால். அயனாவரம்.
மாடி வீட்டு தேவசேனா அக்கா இன்னும் மாவு அரைக்கிறாள்.
"பேசுறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று
வாடகை வாங்க வந்த முதல் மாதமே கேட்டவள்.
பேசாமல் இருப்பதற்கு என்று சொல்லியிருக்கலாம்.
அன்றைக்குத் தோன்றவில்லை.

காதில் ஹெட்போன்.
இம்மானுவேல் சாரின் மூன்றாவது ஒலிப்பதிவு.
வியாசர்பாடிப் பள்ளியில் இருபத்தாறு வருடம் பி.டி. மாஸ்டர்,
என்னைவிட ஒன்பது வயது மூத்தவர்,
டிப்ளமோ வகுப்பில் நான் இருமினால்கூட
பச்சை மையில் எழுதிக்கொள்கிறவர்.
கழுத்தில் விசில் தொங்கும். கழற்றுங்கள் என்றேன்.
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பையனுக்குப் பெயர் இல்லை. படிவத்தில் "க".
பிளஸ் ஒன். சம்மதத்துக்கு அம்மாவின் கையெழுத்து.
பதினைந்து நிமிடமும் சார்தான் பேசுகிறார்:
கபடி, அட்டென்டன்ஸ், போன வருஷத்து வெள்ளம்.
தாளின் ஓரத்தில் நான் சிவப்பாய்க் கோடு போட்டபடி வருகிறேன்.

பதினாறாவது நிமிடத்தில்
"ஒண்ணுமில்ல சார்" என்கிறான் க.

இந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.

முதல் வேலை, சேத்துப்பட்டில்.
லேபை ஒட்டிய ஸ்டோர் ரூமை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்.
தலைவலி என்று சீட்டு வாங்கி வந்த பொற்கொடி
இதையேதான் சொன்னாள்.
பயந்துபோய் நாற்பது நிமிடம் பேசினேன்.
மூச்சை எப்படி இழுப்பது, எப்படி விடுவது,
எதுவரை எண்ணுவது.
"தேங்க்ஸ் மிஸ்." செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.
அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்ததும்.
டி.சி. வாங்கிட்டாங்க என்றார் கிளார்க்.
எந்த ஊருக்கு என்று கேட்டேனா,
நினைவில்லை.

பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன்.
அவளை ஒருமுறைகூட உதாரணமாகச் சொன்னதில்லை.

ஹெட்போனில் இப்போது யாரும் பேசவில்லை.
மின்விசிறி.
பக்கத்து அறையில் கேரம் காய் குழியில் விழுகிற சத்தம்.
பேசின் பிரிட்ஜ் பக்கம் போகும் சரக்கு ரயில்,
பெட்டி பெட்டியாக, வால் வரைக்கும்.
சாரின் நாற்காலி ஒருமுறை முனகுகிறது.
பைக்குள் விசிலைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

"சோறு இறங்க மாட்டேங்குது சார்.
மூணு வாரமா."

உடனே சார்: "தினம் ரெண்டு முட்டை சாப்பிடு."

பேனாவை ஓங்கிவிட்டேன்.

"இல்ல. இரு. நான் சொன்னது தப்பு.
முட்டைய விடு. நீ சொல்லு."

பையன் சிரிக்கிறான், மூக்கால், அரைச் சிரிப்பு.
அப்புறம் சொல்கிறான்.
அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

மதிப்பீட்டுத் தாளில் முப்பத்திரண்டு கட்டங்கள்.
திறந்த கேள்வி. குரலின் ஏற்ற இறக்கம்.
கண்ணைப் பார்த்துப் பேசினாரா
(ஒலிப்பதிவில் அதை எங்கே போய்ப் பார்ப்பது?).
"நான் சொன்னது தப்பு" என்பதற்குக் கட்டமே இல்லை.
தாளைத் தயாரித்தவள் நான்தான்.

மேலே கிரைண்டர் நின்றுவிட்டது.
பின்னால் தள்ளி மறுபடி அந்த ரயிலைக் கேட்கிறேன்.
மதிப்பெண் போடும் இடம் காலியாகவே இருக்கிறது.

காலையில் பிரேயர் மணிக்கு முன்
சாருக்குப் போன் செய்ய வேண்டும்.
பையன் நேற்று ஏதாவது சாப்பிட்டானா என்று முதலில்.
முட்டையைப் பற்றி அப்புறம்.